பதிவு மேசையில் கேட்கப்படும் கேள்வி: வாசகர் கேள்வி – பதில்

செப்டெம்பர் 30, வதிவிடப் பாடசாலைகளில் வாடிய பூர்வகுடிப் பிள்ளைகளை நினைவுகூரும் செம்மஞ்சள் சட்டை நாள் நெருங்குகிறது. சுகாதாரச் சேவைகளில் இனப் பாகுபாடு பற்றியும் பூர்வகுடிகளுடனான நல்லிணக்கம் பற்றியும் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தோம். பாதிக்கு மேற்பட்டவை அந்தத் துறையிலேயே வேலை செய்யும் தமிழர்களிடமிருந்து வந்திருக்கின்றன. சட்டமும் நடைமுறையும் வரும் இடங்களில் ஒன்ராறியோவை வைத்தே பதில் தந்திருக்கிறோம்.

எங்கள் சமூக சுகாதார நிலையத்தில் புதுப் படிவம் வந்திருக்கிறது. பூர்வகுடியா, எந்த இனம் என்றெல்லாம் கேட்க வேண்டும். சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். அதனால் ஆளைப் பார்த்து நானே நிரப்பிவிடுகிறேன். பிழையா?
— பதிவு மேசை ஊழியர், ஏஜாக்ஸ்

பிழைதான். கேட்காமல் விட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. வெற்றுக் கட்டத்தை ஆய்வாளர் வெற்றுக் கட்டமாகவே எண்ணுவார். நீங்கள் ஊகித்து நிரப்பியதை உண்மை என்று எண்ணிக்கொள்வார். கனடாவின் பூர்வகுடிகள் மூன்று பிரிவினர்: முதற்குடிகள், வடதுருவப் பகுதியின் இனுயிட், பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த மரபில் வந்த மெத்தி. முதற்குடிகளிலும் மெத்தி மக்களிலும் வெளிர் தோலும் நீலக் கண்ணும் உள்ளவர்கள் நிறையப் பேர். பார்வையால் கணக்கெடுத்தால் அவர்கள் ஏட்டிலிருந்தே காணாமல் போய்விடுவார்கள்.

இந்தத் தகவல் எதற்கு உதவும் என்பதற்கு ரொறன்ரோவின் கோவிட் கணக்கே சான்று. 2020 ஜூலை நடுப்பகுதி வரை தொற்றியவர்களிடம் நகரப் பொதுச் சுகாதாரப் பிரிவு இனத்தைக் கேட்டது. பதில் தந்தவர்களில் 83 வீதத்தினர் வெள்ளையர் அல்லாதவர்கள். நகர மக்கள் தொகையில் அவர்கள் பங்கு 52 வீதம்தான். தொழிற்சாலை வேலை, நெருக்கடியான வீடு, நோய் விடுப்பு இல்லாத கூலி என்று காரணங்களைத் தேடவும், பரிசோதனை முகாமை எந்தத் தெருவில் போடுவது என்று முடிவெடுக்கவும் அந்த எண்கள் தேவைப்பட்டன. கேட்டிராவிட்டால் 'நகரம் முழுக்க ஒரே மாதிரித்தான்' என்ற பேச்சு அப்படியே நின்றிருக்கும்.

கேட்கும் முறையில்தான் காரியம் இருக்கிறது. முதலில் காரணத்தைச் சொல்லுங்கள், பிறகு கேள்வி. “வருகிற எல்லோரிடமும் இதைக் கேட்கிறோம். சேவை யாருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று பார்க்கத்தான். விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம், உங்கள் சிகிச்சையில் ஒன்றும் மாறாது.” இதைச் சொல்லப் பத்துப் பதினைந்து விநாடி போதும். 'எல்லோரிடமும்' என்பது முக்கியம். தோல் கறுத்தவரிடம் மட்டும் கேட்டால் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. வரிசையில் நிற்போர் காதில் விழும்படி வாய்விட்டுக் கேட்க வேண்டாம். தாளையோ திரையையோ கையில் கொடுத்துவிடுங்கள்.

பூர்வகுடிக் கேள்வி தனியாகவும் முதலாவதாகவும் வர வேண்டும்: முதற்குடி, இனுயிட், மெத்தி. ஒன்றுக்கு மேல் குறிக்க இடம் வேண்டும். இனக் கேள்வி அதன் பிறகு. சான்றாக அட்டை காட்டச் சொல்லாதீர்கள். மத்திய அரசின் மருந்து, பல், கண் நலன்களுக்குக் கோரிக்கை அனுப்பும்போதுதான் பதிவு எண் தேவை. அடையாளத்தைச் சொல்ல எந்த அட்டையும் தேவையில்லை.

நம்மவர்களிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'இண்டிஜினஸ்' என்ற சொல் அம்மம்மாவின் காதில் 'இண்டியன்' என்று விழும். அவரும் மரியாதைக்கு “ஓம், ஓம்” என்று தலையாட்டிவிடுவார். தமிழில் கேட்கும்போது 'கனடாவின் பூர்வகுடிகள்' என்று நாட்டுப் பெயரைச் சேர்த்துக் கேளுங்கள்.

சேர்த்த தகவல் யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. முதற்குடிகளின் தரவுக்கு 1998 முதல் நான்கு நெறிகள் சொல்லப்படுகின்றன: உடைமை, கட்டுப்பாடு, அணுகும் உரிமை, கைவசம் வைத்திருத்தல். அவர்களைப் பற்றிய எண்களை அவர்கள் அமைப்புகளிடம் காட்டாமல் நிலையம் தன்பாட்டில் அறிக்கையாக்கி வெளியிடக் கூடாது என்பதே நடைமுறையில் இதன் பொருள். மூன்று நான்கு பேர் மட்டுமே உள்ள கட்டத்தை அட்டவணையில் போட்டால், சிறிய ஊரில் அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இதை உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். பதில் இல்லை என்றால் படிவம் இன்னும் தயாராகவில்லை என்றுதான் அர்த்தம்.

அவசரப் பிரிவில் பயிற்சியில் இருக்கிறேன். பூர்வகுடி நோயாளி ஒருவர் தள்ளாடி வந்தால் “குடித்திருப்பார், கொஞ்சம் இருக்கட்டும்” என்கிறார்கள். மாணவி நான் என்ன செய்ய முடியும்?
— தாதியர் கல்லூரி மாணவி, எற்றோபிக்கோ

'கொஞ்சம் இருக்கட்டும்' என்ற நினைப்பு எங்கே கொண்டு போய்விடும் என்பது கனடாவில் விசாரணை நடத்திப் பதிவு செய்யப்பட்ட விடயம். 2008 செப்டெம்பரில் பிரையன் சின்கிளேர் என்ற 45 வயது முதற்குடிக்காரர், இரு கால்களும் இழந்தவர், சக்கர நாற்காலியில் வினிபெக்கின் பெரிய வைத்தியசாலைக்கு வந்தார். சிறுநீர்க் குழாய் அடைப்பு. சிறு மருத்துவமனையொன்று தந்த கடிதம் கையில் இருந்தது. பதிவு மேசைக்குப் போனார், ஆனால் காத்திருப்போர் பட்டியலில் அவர் பெயர் ஏறவேயில்லை. 34 மணி நேரம் அங்கேயே இருந்தார். வாந்தி எடுத்தார். மற்ற நோயாளிகள் ஊழியரிடம் சொன்னார்கள். குடிபோதை என்றும் தங்க இடம் தேடி வந்தவர் என்றும் ஊழியர் சிலர் எண்ணிக்கொண்டார்கள். ஒருவர் கவனித்தபோது உடல் விறைத்துப் போயிருந்தது. மாற்றுக் குழாயும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார். மரண விசாரணை 2014 இல் 63 பரிந்துரைகளுடன் முடிந்தது. அவற்றில் பெரும்பாலானவை வரிசை, இருக்கை, பதிவு முறை பற்றியவை. இனப் பாகுபாட்டை விரிவாக ஆராய விசாரணை மறுத்ததால் குடும்பம் வெளியேறியது.

ஆகவே நீங்கள் வாதாட வேண்டாம், அளவெடுங்கள். தள்ளாட்டம், குழறிய பேச்சு, மயக்கம் ஆகியவை இரத்தச் சீனி 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினாலும் வரும், தலையில் அடிபட்டாலும் வரும், பக்கவாதத்திலும் வரும், கிருமி இரத்தத்தில் பரவினாலும் வரும். சீனி கட்டுமீறி ஏறிக் கீட்டோன் சேர்ந்தவரின் மூச்சில் இனிப்பான ஒரு வாடை வீசும். அதைச் சாராய வாடை என்று நினைத்துவிடுவது பழைய தவறு. குடித்தவருக்கும் இவை எல்லாம் சேர்ந்தே வரலாம். விரல் நுனிச் சீனி, வெப்பநிலை, நாடி, இரத்த அழுத்தம், ஆக்சிஜன், கண்மணி, 'கையைத் தூக்குங்கள்' என்ற சோதனை, எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். மேற்பார்வையின் கீழ் மாணவியும் இதைச் செய்யலாம். “அவருடைய சீனி என்ன?” என்று மேற்பார்வையாளரிடம் கேட்பது யாரையும் குற்றஞ்சாட்டும் கேள்வியும் அல்ல.

அவசரப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்று 1 முதல் 5 வரை நிலை பிரிக்கும் கனேடிய முன்னுரிமை அளவுகோலில், காத்திருப்பவரைத் திரும்பப் பார்க்க வேண்டிய நேரம் இருக்கிறது: 2 ஆம் நிலைக்கு 15 நிமிடம், 3 க்கு 30, 4 க்கு 60, 5 க்கு 120. 'தூங்கட்டும்' என்று ஒதுக்கப்பட்டவரைத்தான் இந்தச் சுற்றில் எளிதாகத் தவறவிடுகிறார்கள். அவரை எழுப்பிப் பார்ப்பதை உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதும் சொல்லும் கவனம். 'வலி இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்', 'ஒத்துழைக்காதவர்', 'அடிக்கடி வருபவர்' என்பவை அடுத்த ஷிப்ட் வாசிக்கும் தீர்ப்புகள். 'வலி 10 இல் 8 என்கிறார்', 'மருந்து வாங்கப் பணம் இல்லாததால் 4 நாள் எடுக்கவில்லை' என்று எழுதுங்கள். கியூபெக்கின் ஜோலியெற் வைத்தியசாலையில் 2020 செப்டெம்பர் 28 அன்று ஏழு பிள்ளைகளின் தாயான ஜோய்ஸ் எஷாக்குவான் இறக்கும் முன், ஊழியர் தன்னை இழித்துப் பேசியதைக் கைபேசியில் நேரலையாக விட்டார். நாடே கேட்டது. அடுத்த ஆண்டு மரண விசாரணை அதிகாரி, அங்கு இருந்த இனப் பாகுபாடும் அவரது இறப்புக்கு ஒரு காரணம் என்றும் அது தவிர்த்திருக்கக்கூடிய இறப்பு என்றும் எழுதினார். ஜோய்ஸ் போதைக்குப் பழகியவர் என்று முதலில் ஒட்டிய முத்திரை பிறகு வந்த எல்லோர் கண்ணையும் மறைத்தது.

வரி இல்லை, மருந்து இலவசம், படிப்பு இலவசம். இவ்வளவும் கொடுத்தும் ஏன் அவர்களுக்கு நோய் அதிகம்? கேட்டால் கோபப்படாதீர்கள்.
— வாசகர், மார்க்கம்

கோபமில்லை. நம் கடைத் தெருவில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சுத்தான், ஆனால் கணக்குப் பிழை. இந்தியர் சட்டத்தின் (முதற்குடிகளை 'இந்தியர்' என்றழைக்கும் கனேடியச் சட்டம்) 87 ஆம் பிரிவு தரும் வரி விலக்கு, அச்சட்டப்படி பதிவுபெற்ற முதற்குடிகள் தங்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் (ஒதுக்க நிலம்) ஈட்டும் வருமானத்துக்கும் அங்குள்ள சொத்துக்கும் உரியது. ரொறன்ரோவில் சம்பளம் வாங்குபவர் உங்களைப் போல வருமான வரி கட்டுகிறார். இனுயிட், மெத்தி மக்களுக்கு அந்த விலக்கே இல்லை. மருந்து, பல், கண்ணாடி நலன்கள் பதிவுபெற்ற முதற்குடிகளுக்கும் இனுயிட் மக்களுக்கும் உண்டு, மெத்தி மக்களுக்கு இல்லை. அதை இலவசம் என்று சொல்வதும் பொருந்தாது. 1876 இன் 6 ஆம் உடன்படிக்கையில் 'மருந்துப் பெட்டி' என்ற வாசகமே இருக்கிறது. நிலத்துக்கு ஈடாகச் சொன்ன வாக்கு அது.

நோய்க்கு வருவோம். 1907 இல் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி பீற்றர் பிரைஸ், பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பாடசாலைகளை மேற்கு மாகாணங்களில் போய்ப் பார்த்தார். 15 பாடசாலைகள் தந்த கணக்கில் இருந்த 1,537 பிள்ளைகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் காசநோய். நெருக்கிப் போட்ட கட்டில், பூட்டிய யன்னல், நோயுள்ள பிள்ளையை நோயற்ற பிள்ளைகளோடு சேர்த்தது ஆகியவற்றைக் காரணங்களாகவும் எழுதினார், திருத்தமும் சொன்னார். அரசு அசையவில்லை. வேலையை விட்ட பின் 1922 இல் அவரே சிறுநூலாக வெளியிட்டார். 1948 முதல் 1952 வரை ஆறு வதிவிடப் பாடசாலைகளில் ஊட்டச்சத்துச் சோதனை நடந்தது. பசியில் கிடந்த பிள்ளைகளைப் பசியிலேயே விட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஈறு மாறுவதைக் கவனிக்க வேண்டும் என்று சில இடங்களில் பல் சிகிச்சையையும் நிறுத்தினார்கள். இது 2013 இல்தான் ஒரு வரலாற்றாய்வாளரால் பரவலாக வெளிவந்தது. ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் அந்தப் பாடசாலைகளுக்குள் போனார்கள், கடைசிப் பாடசாலைகள் 1990களில்தான் மூடப்பட்டன. அரசாங்க ஊசியை நம்ப மறுக்கும் 70 வயதுப் பாட்டிக்கு 'அறியாமை' என்று பெயர் வைக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

பொறுப்பு யாருடையது என்ற இழுபறி இன்றும் நோயாக்குகிறது. ஒதுக்க நிலத்தில் சுகாதாரம் மத்திய அரசு, வெளியே மாகாணம். மனிற்றோபாவின் நோர்வே ஹவுஸ் கிறீ முதற்குடிச் சமூகத்தைச் சேர்ந்த, 1999 இல் பிறந்த ஜோர்டன் அன்டர்சன் என்ற குழந்தை, வைத்தியசாலையை விட்டுப் போகலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகும், வீட்டுப் பராமரிப்புச் செலவு யாருடையது என்று இரு அரசுகளும் இழுத்ததால் வைத்தியசாலையிலேயே 2005 இல் ஐந்து வயதில் இறந்தான். அவன் பெயரால் வந்த ஜோர்டன் கோட்பாடு, முதற்குடிப் பிள்ளைக்குச் சேவையை முதலில் கொடு, செலவைப் பிறகு பேசு என்கிறது. பாராளுமன்றம் 2007 இல் ஏற்றது. அதை ஒழுங்காகச் செயற்படுத்த வைக்க 2016 இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. வட ஒன்ராறியோவின் நெஸ்கன்ராகா முதற்குடி ஊரில் 1995 இல் போட்ட 'தண்ணீரைக் கொதிக்க வை' அறிவிப்பு 30 ஆண்டைத் தொட்டுவிட்டது. அங்கே பிறந்தவர் குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்காமலே பெற்றோராகிவிட்டார்.

நாமும் நிறத்தால் ஒதுக்கப்படுபவர்கள்தானே? ஏன் பூர்வகுடிகளுக்கு மட்டும் தனிக் குழு, தனி மருத்துவ நிலையம்?
— வாசகி, மிசிசாகா

இனவாத எதிர்ப்பு வேறு, நல்லிணக்கம் வேறு. முதலாவது எல்லோரையும் சமமாக நடத்துவது பற்றியது. 2020 ஜூனில் ரொறன்ரோ சுகாதாரச் சபை கறுப்பின மக்களுக்கு எதிரான இனவாதத்தைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தது அந்த வகை. இனவாத எதிர்ப்புக்குள் நாமும் வருகிறோம். இரண்டாவது, இந்த நிலத்தில் ஏற்கனவே அரசும் மருத்துவமும் வைத்திருந்த மக்களோடு செய்த உடன்படிக்கையைப் பற்றியது. அதில் நாம் மறுபக்கத்தில் இருக்கிறோம். குடியுரிமைப் பத்திரம் வாங்கிய நாளில் அந்த உடன்படிக்கையின் குடியேறிய தரப்பில் சேர்ந்துவிட்டோம்.

ஒன்ராறியோச் சட்டத்திலேயே இந்த வேறுபாடு தெரியும். சுகாதாரப் பாதுகாப்பு, மேம்பாட்டுச் சட்டத்தின் 50 ஆம் பிரிவின்படி ஒரு முதற்குடிச் சபை உள்ளூர்ச் சுகாதாரச் சபையோடு ஒப்பந்தம் செய்து, அதில் தன் உறுப்பினர் ஒருவரை அமர்த்தலாம். வேறு எந்த இனக்குழுவுக்கும் அப்படி ஒரு வழி இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை.

'நல்லிணக்கம்' என்ற சொல் நமக்குக் கசப்பது தெரியும். 2010 இல் கொழும்பு அமைத்த ஆணைக்குழுவின் பெயரிலும் அது இருந்தது. அந்தக் கசப்பு இங்கே ஒருவகையில் உதவும். விசாரணை முடிந்து அறிக்கை வந்த பிறகு அதில் எது நிறைவேறியது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. 2015 இல் கனடாவின் உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு தந்த 94 செயல் அழைப்புகளில் 18 முதல் 24 வரை சுகாதாரம். உங்கள் பிரிவு 23 ஆம் அழைப்பில் எங்கே நிற்கிறது, அதாவது எத்தனை பூர்வகுடி ஊழியர், எத்தனை பேர் விட்டுப் போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நமது சங்கத்தின் நீரிழிவு முகாமில் நில ஒப்புகை (இந்த நிலம் எந்தப் பூர்வகுடிகளுடையது என்று தொடக்கத்தில் சொல்வது) வாசிக்க வேண்டும், ஒரு பூர்வகுடி முதியவரையும் அழைக்க விரும்புகிறோம். முறை என்ன?
— சங்கச் செயலாளர், ஸ்காபரோ

நகரத்தின் வாசகத்தைப் பிரதி எடுத்து, பெயர்களைத் தடுமாறி வாசிப்பதை விட, நான்கு வரி சொந்தமாகச் சொல்லுங்கள். ரொறன்ரோவுக்கு இரண்டு உடன்படிக்கைகள் பேசப்படும்: மிசிசாகா முதற்குடிகளோடு 1805 இன் 13 ஆம் உடன்படிக்கை, 1923 இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள். முதலாவதில் கொடுத்த விலை நியாயமில்லை என்ற வழக்கு 2010 இல் 145 மில்லியன் டொலரோடு முடிந்தது. வில்லியம்ஸ் வழக்கு 2018 இல் 1.1 பில்லியனோடும் மன்னிப்போடும் முடிந்தது. பெயர்களை முதல் நாளே சத்தமாகப் பழகுங்கள்.

முதியவரை நான்கைந்து வாரம் முன்னே கேளுங்கள், முந்தின இரவு அல்ல. முதற்குடி முதியவரிடம் கேட்கும்போது துணியில் முடிந்த புகையிலைத் தூளை இடக் கையால் நீட்டுவது பல சமூகங்களின் வழக்கம். வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி. வாங்கிக்கொண்டால் சம்மதம். இனுயிட் முதியவருக்கு அந்த வழக்கம் இல்லை, எனவே முன்பே விசாரியுங்கள். சன்மானத்தை அன்றே, உறையில் கொடுங்கள். விலைப்பட்டியல் அனுப்பச் சொல்லி மாதக் கணக்கில் காக்க வைக்காதீர்கள். ஏற்றி இறக்க வண்டி, துணைக்கு ஒருவர், சாப்பாடு ஆகியவற்றுக்கு ஒழுங்கு செய்யுங்கள். வழிபாட்டின்போது படம் எடுக்க வேண்டாம். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் பேசவிட்டு அனுப்பிவிடுவதுதான் பெரும்பாலான கூட்டங்களில் நடக்கும் அவமரியாதை.

முதியோர் இல்லத்தில் வேலை. பூர்வகுடி ஒருவர் அறையில் மூலிகைப் புகை போடக் கேட்கிறார். தீ எச்சரிக்கை அடிக்குமே என்று மறுத்துவிட்டார்கள்.
— பராமரிப்பாளர், ஒட்டாவா

மறுக்க முடியாது. புகையற்ற ஒன்ராறியோச் சட்டம், 2017, இப்படியான இல்லத்தில் வசிக்கும் பூர்வகுடியினர் கேட்டால், மரபு வழிபாட்டுக்குப் புகையிலை பயன்படுத்த உள்ளே தனி இடம் ஒதுக்கச் சொல்கிறது. புகையிலை, சேஜ், சீடர், இனிப்புப் புல் ஆகிய நான்கும் மருந்துகள். ஒரு சிப்பியில் சிறிதளவு கனலவிட்டு, புகையைக் கையால் அள்ளித் தலைக்கும் நெஞ்சுக்கும் விடுவார்கள். நமக்குச் சாம்பிராணி புரியாத விடயமா என்ன.

ஒரு அறையைத் தேர்ந்து, கதவுக்குக் கீழே துணி வைத்து, காற்றாடியை வெளிப்பக்கம் திருப்புங்கள். கட்டடப் பொறுப்பாளர் அந்த வலயத்தின் உணர்கருவியை மட்டும் நிறுத்த வேண்டும், ஒருவர் அருகிலேயே காவல் நிற்க வேண்டும், முடிந்ததும் திரும்ப இயக்கி நேரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். திரும்ப இயக்க மறப்பதுதான் இதில் உள்ள உண்மையான ஆபத்து. ஆக்சிஜன் ஓடும் அறையில் கனல் கூடவே கூடாது. மூச்சுக் கோளாறு உள்ள அயலவருக்கு முன்னரே சொல்லி, அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் வேறிடத்தில் இருத்துங்கள். சாம்பலைக் குப்பையில் கொட்டாதீர்கள், மண்ணில் சேர்க்கக் கொடுங்கள். ஒட்டாவாவில் இனுயிட் மக்களும் நிறையப் பேர். அவர்கள் ஏற்றும் எண்ணெய் விளக்கு குல்லிக். அது திறந்த சுடர் என்பதால் தட்டையான கல் அல்லது உலோகத் தட்டின் மேல் வைக்க வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கறுத்த தோலில் பிழையாகக் காட்டுமா?
— வாசகர், பிரம்ரன்

காட்டும். ஒளி தோலை ஊடுருவுவதை வைத்து அது கணக்கிடுகிறது. கருமை கூடினால் உள்ளதை விட அதிகமாகக் காட்டலாம். 2020 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கருவி சரி என்று காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தது வெள்ளையரை விடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் கூடப் பிழை தரும். ஒரு எண்ணை நம்பாதீர்கள், நாளுக்கு நாள் இறங்குகிறதா என்று பாருங்கள். 94 என்று காட்டினாலும் ஒரு வசனத்தை மூச்சு வாங்காமல் பேச முடியவில்லை என்றால் 911.

பண்பாட்டுப் பயிற்சி என்று ஒரு மணி நேரக் காணொளி போட்டார்கள். போதுமா?
— தாதி, பிக்கறிங்

போதாது. 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்ற கருத்தைத் தந்தவர் நியூசிலாந்தின் மாவோரித் தாதி இரிஹபெற்றி ராம்ஸ்டன். பாதுகாப்பாக இருந்ததா என்பதை நோயாளியே சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம். காணொளி முடிந்ததும் உங்களுக்கு வரும் சான்றிதழ் அதைச் சொல்லாது. பயிற்சிக்குப் பிறகு எந்தப் படிவம், எந்த நேர அட்டவணை, எந்த விதி மாறியது என்று கேளுங்கள்.

வைத்தியசாலையில் இனத்தை வைத்து அவமானப்படுத்தினார்கள். எங்கே முறையிடுவது?
— பெயர் வேண்டாம், ஸ்காபரோ

அன்றிரவே திகதி, நேரம், சொன்ன சொற்கள், நின்றவர்கள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். தமிழில் எழுதினாலும் சரி. உங்கள் மருத்துவப் பதிவின் பிரதியைக் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதில் பிழை இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமையும் உண்டு. முதலில் அந்த வைத்தியசாலையின் நோயாளர் தொடர்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். தொலைபேசி மட்டும் என்றால் தடயமில்லை. அங்கே தீராவிட்டால் ஒன்ராறியோ நோயாளர் குறைகேள் அதிகாரி. வைத்தியசாலை, முதியோர் இல்லம், வீட்டுப் பராமரிப்பு ஆகியவற்றை அவர் பார்ப்பார், குடும்ப வைத்தியரைப் பார்ப்பதில்லை. வைத்தியர் மீது என்றால் மருத்துவர் கல்லூரி, தாதி மீது என்றால் தாதியர் கல்லூரி (இவை படிப்பிக்கும் இடங்கள் அல்ல, அந்தத் தொழில்களைக் கண்காணிக்கும் அமைப்புகள்). பாகுபாட்டுக்கு ஈடு கேட்பதென்றால் மனித உரிமைகள் நியாயசபை, கட்டணமில்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனு போக வேண்டும். வைத்தியசாலையின் பதிலுக்குக் காத்திருந்து அந்த ஓராண்டைத் தவறவிட்டவர்கள் உண்டு. ஆறாவது மாதத்திலேயே மனித உரிமைச் சட்ட உதவி மையத்தின் இலவச ஆலோசனையைக் கேட்டுவிடுங்கள்.